தாத்தா பெட்டியில் வெப்லி ரிவால்வர்: ‘ஆன்டிக்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. தாத்தா தேயிலை எஸ்டேட்டில் டீமேக்கராக இருந்தவர். 1950களில் எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் பழைய ராணுவக் கைத்துப்பாக்கியை முறைப்படி லைசென்ஸ் மாற்றித் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா இறந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது தோல் உறையோடு அது கிடைத்தது. ‘வெப்லி, மார்க் 6, 1917’ என்று பொறித்திருக்கிறது. கூடவே பவுடர் டப்பாவில் ஐந்து தோட்டாக்கள். லைசென்ஸ் புத்தகம் எப்போதோ காலாவதி. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், “நூறு வருஷம் தாண்டிய ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம். 40,000 கொடுங்கள், சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன். வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விற்கலாம்” என்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். துப்பாக்கியைப் பார்க்கக்கூட அவர் கையில் கொடுக்காதீர்கள். தனியார் யாரும் எழுதித் தரும் ‘ஆன்டிக் சர்டிபிகேட்’ போலீஸ் ஸ்டேஷனில் செல்லாது. இந்த மலையில் பழைய எஸ்டேட் வீடுகள் இருக்கும் வரை இப்படிப்பட்ட ஆட்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். வீட்டுக்காரர் பயந்துபோயிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, ஆபத்தே அதில்தான். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தியபோது, ‘கியூரியோ’ (அரிய பழம்பொருள்) வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது. தரகர்கள் இந்த ஒரு வரியைக் காட்டுகிறார்கள். அடுத்த வரியைக் காட்டுவதில்லை. அதைப் பயன்படுத்தவோ, கையில் எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவோ உரிய லைசென்ஸ் வேண்டும் என்கிறது அந்த வரி. அப்படியானால், அந்த மனிதர் உங்கள் ரிவால்வரை காரில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கினாலே குற்றம். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பிடிபட்டால் அவர் முதலில் சொல்லப்போவது உங்கள் பெயரைத்தான்.

அப்புறம், அது கியூரியோதான் என்று முடிவு செய்வது யார்? நீங்களோ நானோ அவரோ இல்லை. உங்கள் தாத்தாவின் லைசென்ஸ் வழியாக அது சர்க்கார் பதிவேட்டில் ஏற்கனவே ஆயுதமாக ஏறியிருக்கிறது. அது சுடுவது .455 தோட்டா. அந்தத் தோட்டாவைச் சுடக்கூடிய ரிவால்வர்களை நம் ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட ரகத்தில் சேர்த்திருந்தன, கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். போதாததற்குப் பக்கத்திலேயே ஐந்து உயிருள்ள தோட்டாக்கள். கியூரியோ என்று கோர விரும்பினால் தாராளமாகக் கோருங்கள். ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பதில் கையில் வரும்வரை அதை லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதமாகவே நடத்துங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. பி.பி. ரகம் என்றால் தண்டனை இன்னும் கடுமையாகலாம்.

‘துருப்பிடித்துவிட்டது, சுடாது’ என்ற வாதமும் உதவாது. 1959 ஆயுதச் சட்டம் விலக்கு அளிப்பது பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு. இறுகிப்போன ட்ரிகரை துப்பாக்கி பழுதுபார்க்கும் நல்ல ஆர்மரர் ஒருவர் சரிசெய்துவிடுவார்.

உங்கள் கையில் இருப்பது நல்ல பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மார்க் 6 ரகத்தை பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்றது. ஆறு அங்குலக் குழல், அடியில் சதுரமான கைப்பிடி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. இடப்பக்கக் கட்டைவிரல் நெம்பை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடியும், ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒரே நேரத்தில் மேலே எழும்பி வெளியே விழும். பதுங்குகுழிச் சேற்றிலும் வேலை செய்தது என்று பெயர் வாங்கியது. 1930களில் .38 என்ஃபீல்டு அதன் இடத்தைப் பிடித்தது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்குவது வழக்கம். போர் முடிந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த துரைமார்களிடம் இவை தனிச் சொத்தாக இருந்தது அதனால்தான். அந்த நெம்பை நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாது. குழல் சுவரைப் பார்த்திருக்கும்படி, இருக்கும் இடத்திலேயே விட்டு அறையைப் பூட்டுங்கள். டப்பாவில் உள்ள தோட்டாக்களில் கார்டைட் என்ற வெடிமருந்து இருக்கலாம். அருவங்காட்டுத் தொழிற்சாலை ஆரம்பத்தில் உருவானதே இந்த மருந்துக்காகத்தான். பழசானால் கெட்டுப்போகும் சரக்கு அது. பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்டாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள்.

துப்பாக்கியையும் பளபளப்பாக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். கூடலூர் பக்கம் ஒரு குடும்பம், ஒப்படைக்கும்போது அழகாக இருக்கட்டும் என்று ஒர்க்ஷாப்பில் கொடுத்து எமரி தாள் போட்டுத் தேய்த்துவிட்டது. நீல மெருகு போனது, கூடவே துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணும் பாதி அழிந்தது. எண்ணை அழிப்பது தனிக் குற்றம். எண் இல்லாத துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று சட்டம் கருதும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. நல்லெண்ணத்தில் செய்த காரியம் அந்த வீட்டாரைப் பல மாதம் அலையவிட்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன? வக்கீல் ஒருவரை வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலையும் இணைத்து, உங்கள் ஸ்டேஷனுக்கும் ஊட்டி கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி கடிதத்திலேயே கேளுங்கள். ரசீதில் ‘பழைய ரிவால்வர் 1’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். தயாரிப்பு, குழல் அளவு, எண், ஆண்டு, தோட்டா எண்ணிக்கை எல்லாம் வேண்டும். வெப்லியை ஒப்படைத்துவிட்டு, பின்னால் உடைந்த வேறு ஏதோ ஒன்றைத் திரும்பப் பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

வைத்துக்கொள்ள ஆசை என்றால், இறந்தவரின் சட்டப்படியான வாரிசு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு. பி.பி. ரகம் என்பதால் கோப்பு டெல்லி உள்துறை வரை போக வேண்டியிருக்கும். அது எத்தனை மேசை ஏறி இறங்கும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தாமாக முன்வந்து உண்மையைச் சொல்லும் குடும்பத்துக்கு எளிய ஒரு படிவம் வைத்திருந்தால் பாதிப் பேர் தரகரிடம் போயிருக்கவே மாட்டார்கள். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில் ஈரம் கசியும் அறையில் சாக்கில் கிடந்து துருவேறுகிறது. அதனால், ஒப்படைத்ததைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்து அது சர்க்காருக்குப் போய்விடுவதற்குள், அரசு அருங்காட்சியகம் ஏதாவது ஏற்குமா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். சென்னை எழும்பூரில் ஆயுதக் கூடமே இருக்கிறது.

வெளிநாட்டு லட்சங்களை மறந்துவிடுங்கள். 1917இல் செய்தது என்றால் நூறு ஆண்டு கடந்த தொல்பொருள். 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை ஏற்றுமதி செய்யவே முடியாது. லண்டன் ஏலத்தில் என்ன விலை போனாலும் உங்களுக்கு அது பொருந்தாது.

தோல் உறையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு லைசென்ஸ் கிடையாது. இந்த மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் பாலிதீன் பையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூடியின் உள்பக்கத்தில் மையில் எழுதிய பெயரோ படைப்பிரிவோ தெரிந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பட்டியலில் அந்தத் துரையைத் தேடிப் பார்க்கிறேன்.