ஸ்நார்க்கல் வாங்கலாமா? தண்ணீர், சேறு, எஞ்சின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு இருக்கிறது. மஹிந்திரா தார் டீசல் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஓர் ஓடையைக் கடந்துதான் தோப்புக்குப் போக வேண்டும். ஆக்சஸரீஸ் கடையில், “ஸ்நார்க்கல் போட்டுவிட்டால் கதவு உயரத் தண்ணீரிலும் தைரியமாக இறங்கலாம்” என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஸ்நார்க்கல் என்பது எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய். ஓடையின் ஆழத்தை நீங்கள் எழுதவில்லை. முழங்கால் அளவுதான் என்றால் ஸ்நார்க்கல் வேண்டாம். அந்தக் காசில் செய்ய வேண்டிய வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2020-க்குப் பிறகு வந்த தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஃபோர்ஸ் கூர்கா தொழிற்சாலையிலிருந்து ஸ்நார்க்கலோடேயே வருகிறது. அதற்குச் சொல்லும் ஆழம் 700 மி.மீ. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டெவருக்கு ஸ்நார்க்கல் கிடையாது, ஆனால் 800 மி.மீ. சொன்னார்கள். குழாய் இல்லாத வண்டி, குழாய் வைத்த வண்டியைவிட ஆழமாகப் போகிறது. அப்படியென்றால் ஆழத்தைத் தீர்மானிப்பது அந்தக் குழாய் மட்டும் இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவர் விற்பது குழாயை.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே வேண்டாம். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அழுத்துகிறது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 550 சி.சி.; பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சுகிற இடம் 40 சி.சி.க்கும் குறைவு. தண்ணீர் அமுங்காது. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே கதைதான். ஆனால் மிஞ்சும் இடம் கொஞ்சம் அதிகம் என்பதால் சில சமயம் தப்பித்துவிடும்.

காற்று உள்ளே போகும் வாயை உயரத்தில் வைப்பதுதான் ஸ்நார்க்கலின் வேலை. ஒழுங்காகப் பொருத்தினால் அதை நன்றாகவே செய்யும். மண்சாலையில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே இருந்து காற்றை எடுப்பதும் லாபம்தான். பிரச்சினை பொருத்துவதில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையோ ரப்பர் வால்வோ இருக்கும். மேலே குழாய் வைத்துவிட்டு இதை அப்படியே விட்டால், தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். பெட்டியின் மூடி, ஹோஸ் சேரும் இடம், ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) வழியாகக் குழாய் நுழையும் இடம் என்று ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். இதுபோக, சந்தையில் வெறும் அழகுக்கான ஸ்நார்க்கலும் விற்கிறார்கள். ஃபெண்டரில் ஒட்டியிருக்கும், உள்ளே எதோடும் சேராது.

பொருத்திய இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஸ்நார்க்கல் வாயை ஒரு தட்டைப் பலகையால் மூடுங்கள். கையை வைக்க வேண்டாம். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ இருந்து காற்று இழுக்கிறது. காற்று வரும் வழியில் தண்ணீரும் வரும். இந்தச் சோதனைக்குப் பிறகுதான் பணம் கொடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழுப்புகிற கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது, யாரும் பேசாத அடிப்பாகம். 18 இஞ்ச் சக்கரம் போட்ட தாரின் டயர் உயரம் சுமார் 79 செ.மீ. ஆக்சிலின் நடுப்பகுதி தரையிலிருந்து 40 செ.மீ.க்கும் கீழே. முழங்கால் தண்ணீரிலேயே டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, மூழ்கிவிடும். எஞ்சின் காற்று வாங்கும் இடத்தை எட்டத் தண்ணீர் இன்னும் எவ்வளவோ ஏற வேண்டும். ஓடி வந்த சூட்டில் இருக்கும் டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸும் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் ஆயில் சீல் ஓரமாகவோ, உள்காற்று வந்துபோக வைத்திருக்கும் ப்ரீதர் வழியாகவோ தண்ணீர் உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து ஆயிலைத் திறந்தால் பால் டீ நிறத்தில் வரும், அதற்குள் பேரிங் போயிருக்கும்.

ஆகவே முதலில் வண்டியின் அடியில் குனிந்து, ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஆகியவற்றின் ப்ரீதர் குழாய்கள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். தாழ்வாக முடிந்தால், எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் போட்டு பானெட்டுக்குள் உயரமான இடம்வரை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். தேவைப்படுவது சில மீட்டர் குழாயும் நாலைந்து கிளாம்பும்தான். ஸ்நார்க்கலோடு ஒப்பிட்டால் ஒரு செலவே இல்லை. ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் அந்த வாரமே டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கடையில் அடுத்து “பவர் கூடும்” என்று கூம்பு வடிவ ஏர் ஃபில்டரையும் காட்டுவார்கள். பெட்டி இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் ஃபில்டர் அது. தண்ணீர்ப் பக்கம் போகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு ஓடை இடுப்பளவு ஓடுகிறது, ஸ்நார்க்கல்தான் வழி என்றால், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, வெயிலில் வெடிக்காத பாலிஎத்திலீன் குழாயாக வாங்குங்கள். ஃபெண்டரில் ஓட்டை போட்ட விளிம்புக்கு பிரைமர் அடித்தார்களா என்று நின்று பாருங்கள். இல்லாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். வாரன்ட்டி நடப்பில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். அப்போதும் ஓடையில் முதலில் ஒரு ஆள் இறங்கி நடந்து பார்க்கட்டும். ஓடுகிற தண்ணீரில் இடுப்பளவு என்பது வண்டியையே நகர்த்திவிடும் ஆழம். அதற்குக் குழாய் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: சென்னையில் போன மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் என் எஸ்யூவி நின்றுவிட்டது. இரண்டு தடவை செல்ஃப் அடித்தேன். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். “பம்பர் டு பம்பர்” பாலிசி இருந்தும் எஞ்சினுக்குப் பணம் தரமுடியாது என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. இது நியாயமா?

பதில்: நியாயமா என்பது வேறு, பாலிசியில் என்ன இருக்கிறது என்பது வேறு. பம்பர் டு பம்பர் என்றால் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். விற்கும்போது அந்தப் பெயரை எல்லாமே அடங்கியது போலச் சொல்லி விற்பது பெரிய மோசடி இல்லை என்றாலும் நல்ல வியாபாரமும் இல்லை. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. நனைந்த சீட், கார்ப்பெட், ஒயரிங் அதில் வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். அதற்கென்றே எஞ்சின் புரொடெக்‌ஷன் என்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. உங்கள் பாலிசி ஷெட்யூலில் (எதற்கெல்லாம் காப்பீடு என்று பட்டியலிடும் பக்கம்) அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நிபந்தனைகளையும் படியுங்கள். பழைய வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை.

ஆட்-ஆன் இல்லையென்றால் உங்கள் கேஸ் பலவீனமானது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வழி இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் புகுந்து எஞ்சின் உடைந்ததா, செல்ஃப் அடித்ததால் உடைந்ததா என்பதில் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். செலவு இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதிலும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், காலக்கெடு இரண்டு ஆண்டு. வரிசையை மாற்றிவிடாதீர்கள்: ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மன் அதை எடுக்கமாட்டார்.

மற்றவர்களுக்கு: தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடவே தொடாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வண்டியை ஏற்றிப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டரையோ ஸ்பார்க் பிளக்கையோ கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் செல்ஃப். இதைச் செய்தால் பெரும்பாலான எஞ்சின்கள் பிழைத்துவிடும். ஆஃப்ரோடு போட்டிகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ரேஸ், ரிலையபிலிட்டி டிரயல் போன்றவற்றில் ஓட்டும்போது ஆகும் சேதம் வழக்கமான கார் பாலிசியில் சேராது.

கேள்வி: மன்னார்குடியில் விவசாயம். பொலிரோ கேம்பர் தினமும் வயல் சேற்றில் போகிறது. வாராவாரம் வாட்டர் சர்வீஸில் எஞ்சினையும் பிரஷர் போட்டுக் கழுவச் சொல்கிறேன். சில சமயம் மறுநாள் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. அடியில் இரும்புத் தகடு போட்டால் சேறு ஏறாது என்கிறார்களே?

பதில்: கழுவுவதில்தான் கோளாறு. சேற்றில் போனதைவிட அந்த பிரஷர் தண்ணீர்தான் உங்கள் ஒயரிங் கனெக்டர்களைக் கெடுக்கிறது. வண்டி நன்றாக ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரில், ஊறவைத்துக் கழுவச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் பிரஷர் கன் திரும்பவே கூடாது.

டெல்டா களிமண் காய்ந்தால் எப்படி இறுகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது ரேடியேட்டர் இடுக்கில் இறுகினால் எஞ்சின் சூடாகும். வெளியே பார்த்தால் சுத்தமாகவே தெரியும், ஏ.சி. உள்ள வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் வந்த வழியே வெளியேறும். எதிரிலிருந்து அழுத்திப் பீய்ச்சினால் இன்னும் உள்ளே போகும், மெல்லிய தகடுகளும் மடங்கிவிடும்.

அடித்தகடு கல்லிலிருந்து ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காக்கத்தான். சேற்றை அது தடுக்காது, தேக்கிவைக்கும். உங்களுக்குத் தேவை அது இல்லை. முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மடலைப் பாருங்கள். அநேகமாகக் கிழிந்தோ கிளிப் விட்டோ தொங்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறு எஞ்சினுக்குள் போவது அந்த வழியாகத்தான். கம்பெனி மடலையே வாங்கி எல்லா கிளிப்பையும் போட்டு மாட்டுங்கள். ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் அடிக்கடி திறந்து பாருங்கள். ஒட்டிய சேறு காய்ந்தால் புழுதிதான்.

கேள்வி: கோவையில் இருக்கிறேன். சென்னைப் பதிவெண் கொண்ட பழைய 4x4 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அடியில் சேறு இருக்கிறது, “ஆஃப்ரோடு போனது சார்” என்கிறார் புரோக்கர். வெள்ளத்தில் மாட்டிய வண்டியாக இருக்குமோ?

பதில்: சந்தேகப்படுவது சரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. ஓடையில் இறங்கிய வண்டிக்குச் சேறு வெளியேயும் அடியிலேயும் இருக்கும். டேஷ்போர்டுக்குள் சேறு இருக்காது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சீட்டைத் தரையில் பிடிக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மணல், ஹெட்லைட்டுக்குள் மங்கல் வரி, ஏர் ஃபில்டர் பெட்டியின் சுவரில் சேற்றுக் கோடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். லேசாக வளைந்த ராடோடும் எஞ்சின் ஓடும், அதனால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரே சொந்தக்காரரிடம் விடாமல் பாலிசி இருந்தும் ஏதோ ஒரு வருடத்தில் அது பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், அந்த வருடம் என்ன நடந்தது என்று புரோக்கரைக் கேளுங்கள். “தெரியாது சார்” என்றால் வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின் மேல் அடித்தால் தண்ணீரே ஒட்டாது என்று ஸ்பிரே விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்குப் பதில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு டியூப் வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தாழ்வாக இருக்கும் கனெக்டர்களைத் துடைத்து, அவற்றின் ரப்பர் வளையத்தில் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். ஏற்கெனவே ஸ்பிரே வாங்கிவிட்டீர்கள் என்றால் பெல்ட் மேல் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.