பாசி கோக்கத்தான் பள்ளிக்கூடமா?

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி படிக்கிறாள். மாண்டிசோரி முறை என்று சொன்னதால் ஒரு சின்னப் பள்ளியில் சேர்த்தோம். பயறு அள்ளிப் போடுவது, பாசி கோப்பது, பட்டன் மாட்டுவது என்றே பாதி வருடம் போய்விட்டது. நோட்டில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான். நூறு வரை எழுதுகிறான். “பீஸ் கட்டிப் பாசி கோக்கவா அனுப்புறோம்?” என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யுகேஜிக்கு வேறு பள்ளி பார்க்கலாமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

என் உறவுக்காரர் வீட்டில் ஒரு குழந்தை நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பாள். ஒரு நாள் அவள் முன்னால் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டைகளைப் போட்டு எண்ணச் சொன்னேன். விரல் ஆறாவது கொட்டையில் இருக்கும்போதே வாய் ஒன்பதைத் தாண்டிவிட்டது. எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இரண்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வயதில் இது குறையே இல்லை. ஆனால் நோட்டைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தொட்டு, நகர்த்தி, எடுத்து வைத்துப் பழகித்தான் அது வரும்.

உங்கள் மகள் கோக்கும் பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்துதான் பாசியைப் பிடிக்கின்றன. நாளை பென்சில் பிடிக்கப்போவதும் இவைதான். அடுத்து உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் வரும். ‘அ’வை எழுதும் திசையிலேயே விரலால் தடவிக்கொண்டு வாயால் ஒலியைச் சொல்வார்கள். பிறகு தங்கநிற மணிகள். தனி மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த நூறு, பத்து நூறு அடுக்கிய ஆயிரம். தனி மணி விரல் நுனியில் நிற்கும், ஆயிரத்தை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். எழுதும்போது ஒன்றுக்குப் பின்னால் மூன்று பூஜ்யம்தான். அந்தக் கனம் கையில் ஏறிய பிள்ளைக்கு நூறும் ஆயிரமும் குழம்புவது கடினம்.

இது நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இத்தாலியர் என்பதால் போர்க்காலத்தில் திரும்பிப்போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், இடையில் கொடைக்கானலில் சில வருடங்கள். அவருக்கு வெகுகாலம் முன்பே நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரல் வைத்துத்தான் எழுத்து கற்றார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதிப் பழகினார்கள். பாட அட்டைகளை எடுத்துப் பிள்ளைகளே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் அரசுப் பள்ளிகளில் வந்தது 2003இல், முதலில் சென்னை மாநகராட்சியில். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் இருந்த கரும்பலகையில் எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். அட்டைகளே இன்னொரு பாடப்புத்தகமாகிப்போன வகுப்புகளும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ‘ஆக்டிவிட்டி’ என்ற பெயரில் தெர்மாகோலும் சார்ட் பேப்பரும் வாங்கிவரச் சொல்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா ஒட்டுகிறாள், அப்பா வெட்டுகிறார், பிள்ளை தூங்குகிறது. மறுநாள் அதற்கு ஸ்டார். கை வேலை செய்தது பெற்றோருக்கு. பிள்ளையின் கைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. கோணலாக இருந்தாலும் அவளே வெட்டியதை அனுப்புங்கள்.

பள்ளியை மாற்றுவது பற்றி: இப்போது அவசரப்படாதீர்கள். அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது வகுப்பில் போய் உட்காருங்கள். பிள்ளைகள் பொருளைத் தாங்களே எடுக்கிறார்களா? வேண்டுமளவு திரும்பச் செய்ய விடுகிறார்களா? பயறு, பாசிக்கு அடுத்து என்ன என்று கேட்டால் ஆசிரியை தயங்காமல் சொல்கிறாரா? மாண்டிசோரி என்று போர்டு மாட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அதனால் பெயரை நம்பாதீர்கள். அடுத்த வருடமும் பயறு அள்ளிக்கொண்டே இருந்தால், வேறு பள்ளி பாருங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். வீட்டில் பல்லாங்குழி இருந்தால், பேத்திக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். வாய் முந்தினால் கை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுப்பார்களே, அதற்குள் எண்ணாமலே கண்ணால் நான்கைப் பிடிக்கப் பழகிவிடுவாள். பாட்டி அவசரப்பட்டு அவளுக்காக எடுத்துப் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.