பாதிப் பேருக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல் ஏன்?

கேள்வி: என் அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது. நடையில் தள்ளாட்டம் தொடங்கி, ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்று மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டது. புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர அழைக்கிறார்கள். ஆனால், சேருபவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத கேப்ஸ்யூல்தான் தருவார்களாம். நாளுக்கு நாள் நலிந்துவரும் பிள்ளையிடம் இப்படிச் செய்யலாமா, டாக்டர்?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நோயின் இயல்பே அப்படியொரு ஏற்பாட்டைக் கேட்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது, உயிரணுக்களின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஃபிராடாக்சின் என்ற புரதம் குறைந்துபோய், நரம்புகளும் இதயமும் மெல்ல மெல்லப் பாதிக்கப்படுகின்றன. மெல்ல என்பதுதான் ஆய்வாளருக்குச் சிக்கல். மூக்கையும் எதிரிலுள்ள விரலையும் மாறி மாறித் தொடச் சொல்வார்கள். ஒரு குதிகாலை மறுகாலின் முன்னெலும்பின் மேல் இழுக்கச் சொல்வார்கள். கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கவைத்து நொடிகளை எண்ணுவார்கள். இவ்வாறு போடும் 93 புள்ளிகளில் நோய் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 புள்ளிதான் நகர்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலோ, சோதனை பழகிவிட்ட பிறகோ, நம்பிக்கையோடு முயன்றாலோகூட அந்த அளவு மாற்றம் வந்துவிடும். அது மருந்தால் வந்ததா, மனத்தால் வந்ததா என்பதைப் பக்கத்தில் ஓர் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் பெரும் நம்பிக்கை தந்த ஐடிபெனோன் என்ற மருந்து, அத்தகைய ஒப்பீட்டில்தான் தெளிவான பலனைக் காட்டத் தவறியது.

இந்த நோய்க்கான ஒமாவெலாக்சலோன் என்ற மருந்து தேறியதும் இதே வழியில்தான். 48 வாரங்கள் நடந்த அந்த ஆய்வின் முதன்மைக் கணக்கில் இடம்பெற்றவர்கள் 82 பேர் மட்டுமே. மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.55 புள்ளி தேறினார்கள், மற்றவர்கள் 0.85 புள்ளி பின்னடைந்தார்கள். இந்த 2.4 புள்ளி இடைவெளியை வைத்துத்தான், 2023 பிப்ரவரியில் அமெரிக்கா 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அம்மருந்தை அனுமதித்தது. குணமாக்கும் மருந்து என்று அதை நான் சொல்லமாட்டேன். வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் உடன் வரும்.

எனவே, கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளை எழுத்துவடிவில் கேளுங்கள். ஒப்பீட்டுக் காலம் முடிந்ததும் எல்லோருக்கும் மருந்து தருவார்களா (ஒமாவெலாக்சலோன் ஆய்வில் தந்தார்கள்), ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை எடுத்துக்கொண்டே சேர முடியுமா, இதயத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் அந்தப் பெண்ணின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். நடுவில் அவள் விலக விரும்பினால் காரணம் சொல்லாமலே விலகலாம்.