வலிக்காத கட்டியை விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 23. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரண்டு மார்பகங்களும் கனத்து வலிக்கின்றன. கறுப்பு பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து தினமும் இரவில் தடவிப் பார்க்கிறேன். கடையில் கேட்டு வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடுகிறேன். இடது பக்கம், அக்குள் ஓரமாகக் கோலிக்குண்டு போல ஒன்று இரண்டு மாதமாக இருக்கிறது. வலி இல்லாததால் அதை விட்டுவிட்டேன். ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்கிறாள் தோழி. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வலிப்பதற்குப் பயந்துகொண்டு, வலிக்காததை விட்டுவிட்டீர்களே அம்மா!

விலக்குக்கு முன் இரு பக்கமும் வலிப்பது ஹார்மோன் மாற்றத்தால். விலக்கு வந்ததும் குறைந்துவிடும். பிராவின் நிறத்துக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். எந்தக் கட்டியையும் அது கரைக்காது.

கவனிக்க வேண்டியது அந்தக் கோலிக்குண்டைத்தான். உங்கள் வயதில் வழுவழுப்பாக, விரலுக்கு நழுவி ஓடும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா. அது புற்றுநோய் அல்ல. ஆனால் கடிதத்தைப் படித்து நானோ, தடவிப் பார்த்து நீங்களோ அதை உறுதி செய்ய முடியாது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. பலர் தாமதமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு மாதமாகியும் மறையாத கட்டியை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது, இதில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) தெளிவாகத் தெரியாது. தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, நூல் அளவுக்குச் சதை எடுத்துச் சோதிப்பார்கள் (இதுதான் பயாப்ஸி); அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஊசி குத்தினால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, புண்ணான பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது.

தினமும் தடவிப் பார்ப்பதை விடுங்கள். ஷாங்காயில் ஜவுளி ஆலைப் பெண்கள் சுமார் 2.66 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. சுயபரிசோதனை கற்றவர்களிடமும் இறப்பு குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் கூடியது. அதற்காக உங்கள் உடம்பை நீங்கள் அறியாமல் இருக்கக் கூடாது. விலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள், குளிக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும். விரல்களின் தட்டைப் பகுதியால் அழுத்துங்கள். கிள்ளிப் பார்த்தால் நல்ல சதையும் கட்டியாகத்தான் தெரியும்.

கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ என்றுதான் மறைக்கிறீர்கள், இல்லையா? உங்களுக்கு 23 வயது. பரிசோதனைக்கு உங்கள் சம்மதமே போதும். மருத்துவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனாலும் அம்மாவிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்: அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா, எந்த வயதில்?