பக்கத்து வீட்டுக் கமராவும் மகன் ஊகித்த பாஸ்வேர்டும்

கேள்வி: திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எல்லையோரம் கமரா பூட்டியிருக்கிறார். எங்கள் கிணற்றடியும் குளியலறை வாசலும் அதில் விழுகிறது. கேட்டால், "கேற்றைப் பார்க்கத்தான் பூட்டினது" என்கிறார். முன்பு நல்லாக இருந்த காலத்தில் அவர்களுடைய வைஃபையை எங்களுக்கும் தந்திருந்தார்கள். 19 வயதான என் மகன் அதன் வழியாகக் கமராப் பெட்டியின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே போய், கிணற்றடி தெரிவதை என் போனில் பதிவு செய்து தந்தான். லண்டனில் இருக்கும் அண்ணாவுக்கும் அனுப்பினேன். வேலி, முருங்கைக் கிளை என்று பழைய பிணக்குகளையும் மூன்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்த ஆதாரத்தோடு பொலிசுக்குப் போகலாமா? வழக்குப் போடலாமா? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா? மகனுக்கு ஏதும் சிக்கல் வருமோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: அந்த ஆதாரத்தோடு எங்கேயும் போகாதீர்கள்.

வேலிக் கதியால், முருங்கைக் கிளை, கோயிலில் முகம் திருப்பிக்கொண்டு போனது என்று நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தையும் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அவற்றால் எந்த நீதிமன்றத்திலும் பயன் இல்லை. சட்டத்தின் கண்ணில் நிற்கும் ஒரே விடயம், உங்கள் மகன் அந்தப் பெட்டிக்குள் போனதுதான்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு ஒரு கணினிக்குள் நுழைவதையே குற்றமாக்குகிறது. 5 வருடம் வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தகவலைப் பதப்படுத்தும் மின்னணுச் சாதனம் எல்லாம் அந்தச் சட்டத்தில் கணினிதான்; கமராப் படங்களைப் பதிவு செய்யும் டீ.வி.ஆர் பெட்டியும் அதற்குள் அடங்கும். எதையும் அழித்திருக்கவோ திருடியிருக்கவோ தேவையில்லை. "12345 என்றுதானே பாஸ்வேர்ட் இருந்தது, திறந்து கிடந்த வீடு மாதிரி" என்று மகன் சொல்வான். பூட்டு எவ்வளவு பலம் என்று 3ஆம் பிரிவு கேட்பதில்லை. பாஸ்வேர்டை ஊகிக்க வேண்டி வந்ததே, அனுமதி இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று. வைஃபை தந்தது இன்டர்நெட் பார்க்க. அவர்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க அல்ல.

அடுத்தது நீங்கள். சட்டவிரோதமாக ஒரு கணினியிலிருந்து எடுக்கப்பட்ட தகவல் என்று தெரிந்தே அதைப் பெறுவதும் வைத்திருப்பதும் 7ஆம் பிரிவில் தனிக் குற்றம்: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் முதல் 3 இலட்சம் வரை தண்டம், அல்லது இரண்டும். மகனுக்காகக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போனில்தான் அந்தக் காணொளி இருக்கிறது.

இப்படியான பிணக்குகளில் ஆட்கள் விழும் குழி இதுதான். சட்டவிரோதமாக எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். எங்கள் நாட்டில் பொருத்தமான சான்று, எடுத்த வழி பிழை என்பதற்காக மட்டும் தானாக விலக்கப்படுவதில்லை. ஏற்கப்பட்டால்தான் உங்களுக்கு ஆபத்து. முறைப்பாடு எழுதும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே "இதை எப்படி எடுத்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். முறைப்பாட்டாளராகப் போகும் நீங்கள் சந்தேகநபரின் தாயாகத் திரும்பி வருவீர்கள்.

மகன் மறுக்கலாமே என்றால், அந்தப் பெட்டி யார், எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று பதிவேடு வைக்கும். பிழையாகப் போட்ட பாஸ்வேர்டுகளையும் பல பெட்டிகள் குறித்துக்கொள்ளும். ரவுட்டரின் பட்டியலில் போனின் பெயரே விழும். பல பேர் போனுக்குத் தங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 4 கமரா, 1 டெராபைட் டிஸ்க் என்றால் படம் ஒரு வாரம், பத்து நாளில் மேலெழுதப்பட்டுவிடும் என்பது உண்மைதான், ஆனால் உள்நுழைவுப் பதிவேடு அந்தக் கணக்கில் அழியும் என்று நம்பியிருக்க முடியாது. மகன் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் பொலிஸ் நற்சான்றும் தேவைப்படும்.

சரி, காணொளியை மறைத்து மாவட்ட நீதிமன்றத்தில் தடைக்கட்டளை கேட்கலாமா? அதுவும் ஆபத்து. இடைக்காலத் தடைக்கட்டளை கேட்பவர் முக்கியமான உண்மைகளை மறைத்தது வெளிப்பட்டால் அந்தக் கட்டளையே நீக்கப்படும். சொன்னால் குற்ற ஒப்புதல், சொல்லாவிட்டால் கட்டளை போகும். இரண்டுக்கும் நடுவில் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். தனியாள் ஒருவர் முற்றாகத் தன் வீட்டுத் தேவைக்குச் செய்வதை அது விட்டுவிடுகிறது. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். மத்தியஸ்த சபைக்குப் போய் இதை முடியுங்கள்.

அதற்கு அந்தக் காணொளி தேவையே இல்லை. உங்கள் வளவுக்குள் கிணற்றடியில் நின்று, கமராவின் கண்ணாடி தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் அதற்குத் தெரியக்கூடும். வீடுகளில் அதிகம் பூட்டும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை அகலத்தை எடுக்கும். கேற்றுக்குத் திருப்பியது என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் ஓரத்தில் உங்கள் கிணறு விழலாம். அங்கிருந்து 4, 5 படம் எடுங்கள். இரவில் கண்ணாடியைச் சுற்றி மங்கலாகச் சிவக்கும் அகச்சிவப்பு விளக்குகளோடும் ஒன்று எடுங்கள். மூலப் படங்களைப் போனிலேயே வையுங்கள். பின்னொரு நாள் இவற்றை வழக்கில் வைக்க வந்தால், 1995இன் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி விசாரணைக்கு 45 நாளுக்கு முன் அறிவிக்க வேண்டியிருக்கலாம்; உங்கள் சட்டத்தரணிக்கு அது தெரியும்.

மத்தியஸ்த சபையில் எழுதும் உடன்படிக்கையில் "கமராவைத் திருப்புவதாக ஒத்துக்கொண்டார்" என்று ஒரு வரியோடு எழுந்து வராதீர்கள். இரண்டு மாதத்தில் காற்றுக்குத் திரும்பிவிட்டது என்பார். எந்தக் கமரா, எந்தப் பக்கம், எத்தனை நாளுக்குள், பக்கவாட்டில் தகடு அடிப்பது யார் செலவு என்று எழுதி, சரிசெய்த பின் எடுத்த படத்தையும் இணையுங்கள். கமரா மெனுவில் அந்தப் பகுதியைக் கறுப்பால் மறைக்கலாம் என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் தகட்டைக் கேளுங்கள். மெனுவில் போட்ட மறைப்பை ஒரு நிமிடத்தில் எடுக்கலாம், உங்களுக்குத் தெரியவும் வராது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். பழையது உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற பேச்சு கிளம்பும்.

அதுவரை உங்கள் பக்கம் ஒரு தகர மறைப்புப் போடுங்கள். கமரா 10 அடி உயரத்தில் 30 அடி தள்ளி இருந்தால், குளிப்பவரிலிருந்து 4 அடியில் நிற்கும் ஆறரை அடி மறைப்புப் போதும். அதையே 15 அடி தள்ளி வேலியில் போட்டால் 8 அடி வேண்டும்.

காணொளியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அண்ணாவுக்கும் சொல்லி வையுங்கள். பயத்தில் அழித்தும் விடாதீர்கள். வைத்திருப்பது ஒரு சிக்கல், சான்றை அழிப்பது இன்னொரு சிக்கல். இந்த வாரமே மகனையும் போனையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போய், முழுவதையும் சொல்லி, என்ன செய்வது என்று அவரிடம் கேளுங்கள். தொழில் ரீதியாக அவரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஜி.எஸ் எனும் கிராம சேவகரிடமோ, தெருவில் உள்ள சமாதான நீதவானிடமோ சொல்வதற்கு இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாப் போனிலும் அந்த வைஃபை இணைப்பை நிறுத்திவிட்டு உங்கள் சொந்த டேட்டாவுக்கு மாறுங்கள்.