மணிக்கணக்கா, பாயிண்ட் கணக்கா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டு வயரிங், சர்வீஸ் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் ஒரு வயர்மேனும் ஒரு ஹெல்பரும் இருக்கிறார்கள். வேலைக்குக் குறைவில்லை, மாதக் கடைசியில் கையில்தான் ஒன்றும் நிற்பதில்லை. ஊரில் மற்றவர்கள் வாங்கும் பாயிண்ட் ரேட்டையே (ஒரு லைட், ஃபேன், பிளக் இணைப்புக்கு இவ்வளவு என்ற கூலி) நானும் வாங்குகிறேன். மணிக்கணக்குக்கு மாறலாமா?

பதில்: தனியாளாக பைக்கில் போய்வருகிறவருக்குக் கட்டுப்படியாகிற ரேட், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. எந்த முறையில் வாங்குவது என்பது அப்புறம். முதலில், ஒரு மணி நேர வேலை உங்களுக்கு எவ்வளவுக்கு அடங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்களின் கூலி மாதம் 39,000 ரூபாய். உங்கள் சம்பளம் 30,000. இதைப் பலர் எழுதுவதே இல்லை. மிச்சமிருப்பதுதான் தன் சம்பளம் என்று இருந்துவிடுகிறார்கள். பெட்ரோல், வண்டி, போன், டூல்ஸ் தேய்மானம், இன்சூரன்ஸ் 11,000. ஆக 80,000.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? நாளுக்கு 8 மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள். கடைக்குப் போவது, எஸ்டிமேட் பார்ப்பது, வீட்டுக்காரருக்காகக் காத்திருப்பது, செய்த வேலையைத் திரும்பப் போய்ப் பார்ப்பது எல்லாம் போக, காசு வரும் நேரம் 5 மணிதான் தேறும். ஹெல்பரின் நேரத்தைத் தனியாகச் சேர்க்காமல், நீங்களும் வயர்மேனும் 26 நாள் வேலை செய்தால் 260 மணி. ஒரு மணிக்கு அடக்கம் சுமார் 308 ரூபாய்.

இதன்மேல் லாபம் வைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நூற்றுக்கு 20 லாபம் வேண்டுமென்று 308-உடன் 20 சதவீதத்தைக் கூட்டினால் 370 வரும். அதில் லாபம் 17 சதவீதத்தைக்கூடத் தொடாது. வாங்கும் பணத்தில் 20 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 308-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 385 வரும்.

இந்த 385-ஐ வாடிக்கையாளரிடம் மணிக்கணக்காகச் சொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நியூட்ரல் விட்டுப்போன இடத்தைக் கால் மணியில் கண்டுபிடிக்கிற உங்களுக்கு மணிக்கணக்கில் கிடைப்பது குறைவு. இரண்டு மணி தடவுகிறவருக்கு அதிகம். அனுபவத்துக்கு இப்படி அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஃபேன் மாட்டுவது, எம்.சி.பி. (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) மாற்றுவது, கீசர் இணைப்பு, இன்வெர்ட்டர் இணைப்பு என்று அடிக்கடி வரும் வேலைகளுக்குச் சராசரி நேரத்தைக் கணக்கிட்டு, வேலைக்கு இவ்வளவு என்று நிலையான விலை வைத்து, தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். எவ்வளவு சின்ன வேலையானாலும் ஒரு மணி நேரத் தொகைக்குக் குறைய வேண்டாம். ஃபால்ட் பார்க்கப் போனால், கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம்; சரிசெய்யும் விலையை அதன்பிறகு சொல்லுங்கள்.

புது வீட்டுக்குப் பாயிண்ட் ரேட்டே இருக்கட்டும். ஆனால் எது பாயிண்ட் என்பதை எழுதிக் கொடுங்கள். மாடிப்படி டூவே சுவிட்ச், 15 ஆம்ப் பிளக், ஏசி லைன், டி.பி. டிரெஸ்ஸிங் (மெயின் பெட்டிக்குள் வயர்களை ஒழுங்காக இணைப்பது) ஆகியவற்றைச் சாதாரண லைட் பாயிண்டோடு சேர்த்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் பைப் போட்டதும் ஒரு தொகை, சுவர் வெட்டிப் பெட்டி வைத்ததும் ஒன்று, வயர் இழுத்ததும் ஒன்று, ஃபிட்டிங் முடிந்ததும் மீதி என்று வாங்குங்கள். பெரும்பணத்தைக் கிரகப்பிரவேசம் வரை விட்டுவைத்தால், அது வசூலாவதற்குள் உங்கள் ஆட்களுக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

மெட்டீரியல் கடை தரும் கமிஷனை நம்பிக் கூலியைக் குறைக்காதீர்கள். இன்று வீட்டுக்காரர் போனிலேயே வயர் விலையைப் பார்த்துவிடுகிறார். ஒருமுறை சந்தேகம் வந்தால் அடுத்த வேலை வராது. மெட்டீரியலோடு எடுத்தால், வாங்கிவரும் அலைச்சலுக்கும் உத்தரவாதத்துக்கும் உங்கள் பங்கை விலையில் வெளிப்படையாகவே வையுங்கள். தாமிர விலை ஏறி இறங்குவதால் வயர் கொட்டேஷன் 15 நாளுக்கு மட்டும் செல்லும் என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மேலே போட்ட ரேட்டில் கூலி மட்டும் வருடம் 12 லட்சம் ஆகிறது. உங்கள் பில்லில் மெட்டீரியலும் சேர்ந்தால் 20 லட்சம் சீக்கிரம் வந்துவிடும். வீட்டுக்காரரே தன் பெயரில் கடையில் பில் போட்டு வாங்கினால் அந்தத் தொகை உங்கள் கணக்கில் சேராது. எது தோதென்று ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

புது ரேட்டைப் பழைய வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும். சிலர் போகவும் செய்வார்கள். புதிதாக வருகிறவர்களிடம் இன்றே தொடங்குங்கள். பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலை அனுப்பிவையுங்கள்.