லோகோவைப் பார்த்தே "மாத்துடா" என்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகும்போது, புது மெட்டல் (கனமான ராக் இசை) பேண்ட் எதைப் போட்டாலும் நண்பர்கள் கேட்காமலே ஒதுக்குகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெயரையும் அட்டைப்படத்தையும் காட்டாமல் பாட்டை மட்டும் போடுங்கள். பேண்டின் லோகோவைக் காரின் திரைதான் காட்டிக்கொடுக்கிறது. திரையை அணைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வையுங்கள்.

நண்பர்கள் மீதும் முழுத் தப்பு இல்லை. மெட்டலில் லோகோ வெறும் அலங்காரம் கிடையாது. மரத்தின் வேர் போலப் பின்னிக்கிடக்கும், படிக்கவே முடியாத எழுத்தைக் கண்டால், மெட்டலிலேயே கடுமையான வகைகளான பிளாக் மெட்டலோ டெத் மெட்டலோ என்று பழகிய கண் முடிவு கட்டிவிடும். பல நேரம் அது சரியாகவும் இருப்பதால்தான் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

இதைச் செய்து பாருங்கள்:

1. ஸ்வீடனின் ஓபெத் பேண்ட் 2003-ல் வெளியிட்ட 'டேம்னேஷன்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு. உறுமல் குரலே இருக்காது, அவ்வளவு மென்மை.

2. அப்புறம் அதே பேண்டின், 2002-ல் வந்த 'டெலிவரன்ஸ்' ஆல்பத்திலிருந்து உறுமல் குரலோடு கனமாக இருக்கும் ஒன்று. இரண்டும் ஒரே காலத்தில் பதிவானவை.

3. இரண்டும் யார் என்று கேளுங்கள். ஒரே பேண்ட் என்று சொன்னதும் பேச்சு தானாகக் கிளம்பும்.

கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது ரசனை.

ஒன்றில் மட்டும் கவனம். பர்ஸம் போன்ற பேண்டைச் சிலர் ஒதுக்குவது லோகோவுக்காக இல்லை. அதை நடத்தியவர் 1994-ல் நார்வேயில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டதைப் பெயரை மறைத்துப் போட்டால், தெரியவரும்போது கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.